ஸ்வே பார்: எம்ஜிபி காருக்கு எது பொருந்தும், எப்படிப் பொருத்துவது

ஸ்வே பார் மாற்றிப் பார்க்க ஆசை வராத எம்ஜிபி உரிமையாளர் அபூர்வம். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை, செலவு கைக்கு அடங்கும், விடுமுறை நாள் ஒன்றில் வேலை முடிந்துவிடும், முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரியும். இவ்வளவு சுலபம் என்பதாலேயே பலர் யோசிக்காமல் வாங்குகிறார்கள். கடையில் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து முன்னும் பின்னும் மாட்டிவிடுகிறார்கள். காய்ந்த சாலையில் கார் சாயாமல் திரும்பும், மகிழ்ச்சிதான். மழை பெய்த மாலையில் ஒரு ரவுண்டானாவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

பிரிட்டனில் இதை ஆன்டி ரோல் பார் என்பார்கள், அமெரிக்காவில் ஸ்வே பார் என்பார்கள். இரு நாட்டு விற்பனைப் பட்டியல்களிலும் தேட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு பெயரும் நினைவில் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக எம்ஜிபி-யை வைத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. இன்றும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். அதைவிட, இந்த ஒரே காரின் வரலாற்றில் ஸ்வே பார் இருந்தது, போனது, திரும்ப வந்தது. நாம் கற்க வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

பார் செய்யும் வேலை

இரு முனையும் கைபோல மடிக்கப்பட்ட ஓர் எஃகுக் கம்பிதான் ஸ்வே பார். நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் உட்கார்ந்து காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். முனைகள் சிறிய லிங்குகள் மூலம், சக்கரத்தை உடம்போடு இணைக்கும் இரு பக்கத்து விஷ்போன் கைகளில் மாட்டப்பட்டிருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் மேலே ஏறினால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் பார் முறுக்கப்படும். அந்த முறுக்குக்கு அது காட்டும் எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்கிறது.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மூன்று: காரின் எடை, எடைமையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம். கணக்குக்காக ஓட்டுநரோடு சேர்த்து எடை 1000 கிலோ, எடைமையம் தரையிலிருந்து 500 மி.மீ., சக்கர அகலம் 1250 மி.மீ. என்று வையுங்கள். புவியீர்ப்பில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும் வேகத்தில் திரும்பினால் சுமார் 200 கிலோ சுமை வெளிப்பக்கம் போகிறது. நீங்கள் எவ்வளவு தடிமனான பார் போட்டாலும் அந்த 200 கிலோ குறையாது. அதில் முன்சக்கரங்கள் எவ்வளவு ஏற்க வேண்டும், பின்சக்கரங்கள் எவ்வளவு ஏற்க வேண்டும் என்ற பங்கீட்டை மட்டுமே பார் மாற்றுகிறது.

டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரே அச்சில் ஒரு டயர் மிகையாக அழுத்தப்பட்டு மற்றது தளர்ந்து கிடந்தால், அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. முன்னால் பார் தடிமனானால் முன்சக்கரங்கள் பங்கை அதிகம் ஏற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு வெளியே போகும் அண்டர்ஸ்டியர் பக்கம் கார் நகரும். பின்னால் பார் போட்டால் வால் வெளியே வரும் ஓவர்ஸ்டியர் பக்கம் நகரும். பார் வாங்கும்போது நீங்கள் வாங்குவது இந்தப் பங்கீட்டைத்தான்.

அப்படியானால் முன்பார் போட்டதும் எம்ஜிபி பல நேரம் நன்றாகத் திரும்புகிறதே, ஏன்? இதற்கும் விடை உண்டு. உடம்பு சாயும்போது முன்சக்கரமும் அதோடு சாய்ந்து, டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கத் தொடங்குகிறது. பார் அந்தச் சாய்வைக் குறைத்தால் டயர் நிமிர்ந்து, முழு அகலத்தையும் சாலையில் பதிக்கிறது. ஓரளவு வரை இந்த லாபம் சுமைப் பங்கீட்டு நஷ்டத்தை ஈடுகட்டும். அந்த அளவைத் தாண்டிய பிறகு நஷ்டம் மட்டுமே மிஞ்சும். நல்ல தேர்வு என்பது அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்பது.

அபிங்டனில் நடந்தது

ஆரம்ப கால எம்ஜிபி ரோட்ஸ்டர்களில், அதாவது திறந்த கூரைக் கார்களில், முன்பார் விருப்பத் தேர்வாக மட்டும் இருந்தது. சில ஆண்டுகளில் எல்லாக் கார்களுக்கும் வழக்கமானது. எஃகுக் கூரை கொண்ட ஜிடி 1965-இல் வந்தது. உயரத்தில் எடை கூடிய கார் என்பதால் அதற்குப் பார் இன்னும் அவசியம். குரோம் பம்பர் போட்ட அந்தக் காலத்து ரோட்ஸ்டர்களில் வழக்கமாகக் கிடைப்பது 9/16 அங்குலப் பார். பின்னால் பார் கிடையாது. அப்படியே அந்தக் கார் நல்ல சமநிலையோடு ஓடியது.

1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் காரை மாற்ற நேர்ந்தது. கனமான கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. ஹெட்லைட் உயர விதிக்கு ஈடுகொடுக்க, முன்பக்கத்தைப் புதிதாக வடிவமைப்பதற்குப் பதிலாகக் காரையே சுமார் 25 மி.மீ. உயர்த்தினார்கள். அதோடு செலவைக் குறைக்க 1975 மாடல் ரோட்ஸ்டரில் முன்பாரையும் எடுத்துவிட்டார்கள். எடைமையம் ஏறியது, சாய்வைத் தடுக்க என்றே இருந்த ஒரே கருவியும் போனது. அந்தக் காரை ஓட்டியவர்களுக்கு அதன் தள்ளாட்டம் நன்றாகவே தெரியும். 1977 மாடலுக்கு முன்பாரைத் தடிமனாக்கித் திரும்பக் கொண்டுவந்து, பின்னாலும் ஒரு பார் சேர்த்த பிறகுதான் நிலைமை ஓரளவு சீரானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1977-இன் பின்பார் தனியாக வரவில்லை. தடிமனான முன்பாருக்கு ஜோடியாக வந்தது. உயர்ந்துவிட்ட காருக்கு என்று கணக்கிட்ட ஜோடி அது. அதிலிருந்து பின்பாரை மட்டும் கழற்றி, உயரம் குறைந்த 1968 ரோட்ஸ்டரில் போட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது. பழைய பாகங்கள் விற்கும் இடங்களில் இந்தப் பின்பார் மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

வாங்கும் முன் காரைப் பாருங்கள்

ஸ்வே பார் வேண்டும் என்று வருகிறவர்களின் கார்களில் பாதிக்கு மேல் உண்மையில் வேண்டியது வேறு. எம்ஜிபி-யின் முன்பக்க ஷாக், இன்று நாம் பார்க்கும் குழாய் வடிவ ஷாக் இல்லை. குறுக்குச் சட்டத்தின் மேல் நான்கு போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கும் லீவர் வகை. அதன் கையே மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. அந்தக் கை சுழலும் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் நிற்புக் கோணமே நிலையாக இருக்காது. ஷாக்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு அப்பியிருந்தால் உள்ளே எண்ணெய் இறங்கிவிட்டது என்று பொருள். முன் மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள்: ஒருமுறை எழும்பி நின்றால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் முதல் செலவு அங்கே.

அடுத்தது கீழ் விஷ்போனின் உள்புஷ்கள். ஒரு நெம்புகோலை விஷ்போனுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே வைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் அமுங்கித் திரும்பும். போய்விட்டிருந்தால் விஷ்போன் கை பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரியும். ஓரத்தில் கறுப்புப் பொடி உதிரும். 1973-இல் வந்த ஜிடி வி8 காரின் எஃகு உறை கொண்ட ரப்பர் புஷ்கள் இந்த இடத்தில் அப்படியே பொருந்தும். எம்ஜிபி-க்குச் செய்யக்கூடிய மாற்றங்களில், கொடுக்கும் காசுக்கு இதற்கு இணையானது அதிகமில்லை என்பேன். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்து எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டையின் புஷ்கள் தேய்ந்திருந்தால் வளைவில் பின் அச்சே பக்கவாட்டில் ஒரு நடை நடக்கும். ஓட்டுபவருக்கு அது சாய்வுபோலத் தோன்றும். பார் போட்டால் அது போகாது. புஷ் மாற்றினால் போகும்.

பார் உட்காரும் சட்டத்தின் முன்முனையையும் மறக்கக் கூடாது. எம்ஜிபி-க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்போடு சேர்த்து வெல்டு செய்த பெட்டிச் சட்டம்தான். பனிக்காலத்தில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய கார் என்றால் உள்ளிருந்து துரு தின்றிருக்கும். மேலே கறுப்புப் பெயின்ட் பளபளத்தாலும், ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மொத்தென்று சத்தம் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தடிமனான பாரை மாட்டினால் பார் முறுக்கப்படுவதற்கு முன் தகடு கிழியும். முதலில் வெல்டர், பிறகுதான் பார்.

எந்த அளவு

பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. காகிதத்தில் சிறியதாகத் தெரியும் வித்தியாசம் சாலையில் பெரியது. 9/16 அங்குலத்திலிருந்து 5/8-க்குப் போனால், விட்டத்தில் கூடியது ஒன்றரை மி.மீ.தான், விறைப்பு ஒன்றரை மடங்கு. 3/4 அங்குலம் போட்டால் 3 மடங்குக்கும் சற்று அதிகம். 7/8 போட்டால் கிட்டத்தட்ட 6 மடங்கு. எம்ஜிபி-க்கு உதிரிபாகக் கடைகள் பரவலாக விற்கும் அளவுகள் இவைதான் என்பதால் இந்த எண்களை மனதில் வையுங்கள்.

விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. முனையில் மடிந்திருக்கும் கையின் நீளமும் கணக்கில் வரும். கை 10 சதவீதம் குட்டையானால் முனையில் விறைப்பு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். ஒரே விட்டம் என்று இரண்டு நிறுவனங்கள் விற்கும் பார்கள் ஒன்றுபோல நடந்துகொள்ளாததற்கு இது ஒரு காரணம். முனையில் இரண்டு மூன்று துளைகள் கொண்ட பாரில் லிங்கை இடம் மாற்றி விறைப்பைக் கூட்டிக் குறைக்க முடிவதும் இதனால்தான். உள்ளீடற்ற குழாய்ப் பாரைக் கண்டு பலவீனமானது என்று ஒதுக்க வேண்டாம். உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி என்றால் எடை கால் பங்கு குறையும், விறைப்பில் போவது 6 சதவீதம்தான்.

சாலையில் ஓடும், குரோம் பம்பர் ரோட்ஸ்டருக்கு என் தேர்வு முன்னால் 3/4 அங்குலம், பின்னால் எதுவும் இல்லை. இருக்கையின் பின்னால் இரண்டு பேரின் பயணப் பெட்டிகளோடு மலைச்சாலையில் ஓட்டுபவருக்கும் இதையே சொல்வேன். ஜிடி-க்கும் இதே 3/4 போதும். 5/8 போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மேடு பள்ளம் நிறைந்த கிராமச் சாலைகளில் ஓட்டுகிறவருக்கு அது இன்னும் இதமானது. காரணம், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது பார் அந்த அதிர்வை அடுத்த பக்கத்துக்கும் கடத்துகிறது. பார் தடிக்கத் தடிக்க உங்கள் தலை இடமும் வலமும் ஆடும். 7/8 பந்தயத் தடத்துக்கானது. விறைப்பான ஸ்பிரிங்கும் அகல டயரும் போட்ட காரில்தான் அதற்கு வேலை. சாதாரண டயரோடு சாலைக் காரில் அதைப் போட்டால் ஈரத்தில் மூக்கு நேராகப் போகும்.

ரப்பர் பம்பர் கார் வைத்திருப்பவர்கள் பாருக்கு முன் உயரத்தை யோசிக்க வேண்டும். முன்பு போட்ட கணக்கில் எடைமையத்தை 25 மி.மீ. இறக்கிப் பாருங்கள்: 200 கிலோ 190 ஆகிறது. எந்தப் பாராலும் செய்ய முடியாத குறைப்பு இது. 1975, 1976 மாடல் என்றால் முன்பார் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்ப்பதே எல்லா மாற்றங்களிலும் உங்கள் காருக்கு மிக அவசரமானது. 1977 மாடலோ அதற்குப் பிறகு வந்த காரோ என்றால் தொழிற்சாலை கொடுத்த ஜோடியை அப்படியே விடுங்கள். போதவில்லை என்று தோன்றினால் முன்பாரை மட்டும் ஓரளவு கூட்டலாம். பின்பாரைத் தடிமனாக்க வேண்டாம்.

பின்பார் மேல் எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? எம்ஜிபி-யின் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கும் திட அச்சு. அத்தகைய அமைப்பில் உடம்பு சாயும் மையம் முன்பக்கத்தைவிட உயரத்தில் இருக்கும். பார் இல்லாமலேயே பின்சக்கரங்கள் சுமைமாற்றத்தில் தங்கள் பங்கைத் தாராளமாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதற்கு மேல் ஒரு பார் போட்டால் உள்பக்கப் பின்சக்கரம் எடையிழந்து நிற்கும். டிஃபரன்ஷியல் சாதாரணமானது என்பதால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும், கார் முன்னேறாது. முன்னால் 7/8 போட்டு, அண்டர்ஸ்டியர் தாங்காமல் அதை ஈடுகட்டப் பின்னால் ஒரு பார், அதற்குப் பிறகு அகல டயர் என்று செலவு வளர்வதை நிறைய கார்களில் பார்க்கலாம். முன்னால் ஓர் அளவு குறைத்திருந்தால் மற்ற இரண்டும் தேவைப்பட்டிருக்காது.

முன்பாரைப் பொருத்துதல்

பெட்டியைத் திறந்ததும் பாரைத் தரையில் வைத்துப் பாருங்கள். சமதளத்தில் இரு கைகளும் ஒரே உயரத்தில் படிய வேண்டும்; ஒன்று தூக்கி நின்றால் மடித்ததில் கோளாறு, திருப்பி அனுப்பிவிடுங்கள். வெர்னியரால் விட்டத்தை அளந்து, கூட வந்த புஷ்ஷின் துளை அதே அளவுதானா என்று பாருங்கள். பழைய பாரையும் அளந்துகொள்ளுங்கள். பல கைமாறிய கார்களில் முந்தைய உரிமையாளர் எதைப் போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது.

மாட்டும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஏற்கெனவே பார் உள்ள காரில் வேலை நேரடியானது. பார் இல்லாமல் வந்த காரில் இரண்டு தடைகள் வரக்கூடும். ஒன்று, சட்டத்தின் முன்முனையில் போல்ட்டுத் துளைகள் இல்லாமலிருக்கலாம்; துளையிட்டு, உள்ளே நட்டுத் தகடு வைக்க வேண்டும். இன்னொன்று, லிங்க் மாட்டுவதற்கான துளை கீழ் விஷ்போனின் முன்கையில் இல்லாமலிருக்கலாம். அந்தக் கையையே மாற்ற வேண்டும். இங்கே நில்லுங்கள். அந்தக் கையைக் கழற்றினால் காயில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விடுபடும். முறையான அழுத்துகருவியோ நீண்ட மறைபோல்ட்டுகளோ கொண்டு ஸ்பிரிங் தட்டைச் சிறிது சிறிதாக இறக்கத் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. தெரியாவிட்டால் அந்த ஒரு பகுதியைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும்.

மற்றவர்கள் தொடரலாம். முன்சக்கரங்கள் இரண்டையும் சாய்தளத்தில் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் போடுவதே நல்ல வழி. ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரங்கள் தொங்கும். அதிலும் வேலை செய்யலாம், ஆனால் கடைசி இறுக்கம் கார் தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான். எந்த முறையானாலும் இரு சக்கரமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று நின்று ஒன்று தொங்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் லிங்க் போல்ட்டை உருவினால் பார் உங்கள் மணிக்கட்டில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்.

முந்தைய நாள் மாலையே எல்லா போல்ட்டுகளிலும் துருநீக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். முதலில் லிங்குகள், பிறகு பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் நடு ஸ்ட்ராப்புகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். லிங்குகளில் இடம் வலம் வேறுபாடு இருக்கலாம். கழற்றும்போதே சுண்ணக்கட்டியால் குறியிட்டு, படம் எடுத்து வையுங்கள். பழைய புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் அதன் கதை தெரியும்: வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகியிருக்கும், பாரில் புஷ் உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் போய் ஒரு பளபளப்பான வளையம் விழுந்திருக்கும். புதிய புஷ்ஷே பாதிக் குறையைத் தீர்த்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

எம்ஜிபி-யின் மறைகள் அங்குலக் கணக்கிலான யூஎன்எஃப் வகை. 5/16 போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கடையில் கிடைக்கும் 8 மி.மீ. மெட்ரிக் போல்ட் கண்ணுக்கு அதேபோல இருக்கும், ஓரிரண்டு சுற்று உள்ளேயும் போகும். பிறகு மறையைத் தின்றுவிடும். சட்டத்துக்குள் இருக்கும் நட்டு கெட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. பாரோடு வந்த போல்ட்டுகளையோ அதே வகையில் 8.8 தரத்துக்குக் குறையாததையோ மட்டும் பயன்படுத்துங்கள். விரலால் நான்கைந்து சுற்று போகாத போல்ட்டை ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள். ஸ்பேனரும் அங்குல அளவில் வேண்டும். 5/16 போல்ட்டின் தலைக்கு 1/2 அங்குல ஸ்பேனர்.

ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவி நுழையுங்கள். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதச் செய்யும். பாலியூரிதேன் என்றால் கூட வரும் சிலிக்கான் கிரீஸை உள்ளே தாராளமாகத் தடவ வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சிடும். சாலைக்கு எது என்று கேட்டால், நடு ஸ்ட்ராப்புகளில் பாலியூரிதேன் நல்லது. லிங்கில் ரப்பரே இருக்கட்டும்.

ஸ்ட்ராப்புகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் மாட்டி, பாரை இடமும் வலமும் நகர்த்தி நடுவில் நிறுத்துங்கள். இரு முனையிலிருந்தும் சட்டத்துக்குள்ள தூரத்தை டேப்பால் அளந்து சமமாக்குங்கள். பார் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் நிறுத்திகள் புஷ்ஷை ஒட்டி இருக்க வேண்டும். இவற்றைத் தேவையற்றவை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பார் மெல்ல ஒரு பக்கம் நடந்து போய் லிங்க் கோணலாகும். ஸ்ட்ராப்பை இறுக்கிய பிறகு, லிங்க் மாட்டுவதற்கு முன், பாரைக் கையால் தூக்கி இறக்கிப் பாருங்கள். பாலியூரிதேனில் தடையில்லாமல் சுழல வேண்டும். ரப்பரில் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். அசையவே மறுத்தால் புஷ் நசுங்குகிறது. அப்படியே விட்டால் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டிலும் கார் குதிக்கும்.

இப்போது லிங்குகள். ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டையோ ஓர் ஆளோ உட்காரட்டும். அடுத்த பக்க போல்ட்டு விரலால் தள்ளினாலே துளைக்குள் போக வேண்டும். நெம்பினால்தான் போகும் என்றால் பாரில் முன்கூட்டியே முறுக்கு ஏறியிருக்கிறது. கார் இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திரும்பும். நீளம் மாற்றக்கூடிய லிங்க் ஒன்றை ஒரு பக்கம் போட்டால் இது தீரும். இந்த வேலையில் நேரம் செலவிட வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிறகு பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். நைலான் நட்டுகள் புதியவையாக இருக்கட்டும்.

வெளியே எடுக்கும் முன் இடைவெளி பாருங்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்க விஷ்போனை மட்டும் ஜாக்கியால் மெல்ல உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். பாரின் கை டயரையோ பிரேக் ஹோஸையோ டை ராடையோ தொடக் கூடாது. ஆயில் கூலர் குழாய்கள் செல்லும் காரில் அவற்றையும் பாருங்கள். அகல டயர் போட்டவர்களுக்கு முழுத் திருப்பத்தில்தான் உரசும். 1977 மாடலிலோ அதற்குப் பிந்தைய காரிலோ பின்பாரின் புஷ் மாற்றுகிறவர்கள் சைலன்சர் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், பெட்ரோல் டேங்க் நான்கையும் இதேபோலச் சரிபார்க்க வேண்டும்.

பார் மாற்றியதற்காக வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியதில்லை; எந்தக் கோணமும் மாறியிருக்காது. விஷ்போன் கையோ புஷ்ஷோ மாற்றியிருந்தால் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் வீட்டருகே மெதுவாக ஒரு சுற்று, சத்தம் கேட்க மட்டும். லொடலொட என்றால் லிங்க் தளர்வு. டொக் என்று ஒரே அடி என்றால் எங்கோ தொடுகிறது. அதன் பிறகு டயர்க் காற்றைச் சரியாக வைத்து, போக்குவரத்து இல்லாத திறந்தவெளியில் ஒரே வேகத்தில் வட்டமடியுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது முன்பக்கம் மெதுவாக விரிந்து போனால் சரி. காலை எடுத்ததும் மூக்கு அமைதியாக உள்ளே திரும்ப வேண்டும். காலை எடுத்ததும் வால் வீசினால் பின்னால் விறைப்பு அதிகம். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை என்றால் முன்னால் அதிகம். துளைகள் உள்ள பாராக இருந்தால் லிங்கை முனைப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். காற்றையும் துளையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. காய்ந்த சாலையில் திருப்தி வந்தாலும், மழை பெய்த ஒரு நாளில் குறைந்த வேகத்தில் மறுபடி பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

100 மைல் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புஷ்கள் அதற்குள் தங்கள் இடத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கழற்றிய பழைய பாரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, லிங்குகளையும் ஸ்ட்ராப்புகளையும் அதோடு கட்டி, எந்த ஆண்டுக் காரிலிருந்து எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிடுங்கள். இந்தக் காரை உங்களுக்குப் பிறகு வாங்குபவர் அதை அபிங்டன் அனுப்பியபடியே வைத்திருக்க விரும்பக்கூடும்.